என் ஊளைக்குத் துணை வந்த அக்கா

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும் நேரம். பெங்களூர் விவேக் நகரில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்த புதிது. நாற்பதை நெருங்கும் வயதில் எனக்கு கிளாரினெட் ஆசை வந்து, ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருந்தேன். சாதாரணப் பாட்டுகள் வரை சிக்கலில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும் கிளிசாண்டோவில்தான் மாட்டிக்கொண்டேன். துளைகளை மூடிய விரல்களைச் சட்டென்று தூக்காமல் மெல்ல நகர்த்தி விலக்க வேண்டும். கூடவே தாடையைத் தளர்த்தி, தொண்டையாலும் ஸ்வரத்தை வளைக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் தடுக்கித் தடுக்கி விழும் சத்தம், இல்லையென்றால் கிறீச்!

வீட்டுக்குள் வாசித்தால் கணவர் காதைப் பொத்திக்கொள்வார். அதனால் ஆபீஸ் முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். தெருநாய்கள் பதிலுக்கு ஊளையிடும்.

ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார். கோலார் தங்கவயல்காரர், பள்ளிக்கூட டீச்சர். அதுவரை பார்த்தால் சிரிப்பதோடு சரி. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, "சாரிக்கா, நிறுத்திடறேன்" என்றேன்.

அவர் வேகமாகக் கையை ஆட்டினார். கிட்டே வந்து, வெறும் காற்றாக ஒலித்த குரலில், "நிறுத்தாதம்மா. நானும் கூட சேர்ந்துக்கட்டா?" என்றார்.

அவர் கழுத்துத் தழும்பை அப்போதுதான் கவனித்தேன். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டதாம். 'ஊ' என்று அடியிலிருந்து மேல்வரை குரலை இழுத்துக்கொண்டு போகும் பயிற்சியை ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்கள். "வீட்ல செஞ்சா எல்லாரும் என்னையே பாக்கறாங்க. வெக்கமா இருக்குது, விட்டுட்டேன். இங்கன்னா உன் சத்தத்துல என்னுது கேக்காதில்ல?" ஆபரேஷனுக்காகப் போட்ட லீவு முடிவதற்குள் குரல் வராவிட்டால் இனி வகுப்பெடுக்க முடியாது என்று சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து நான் வாசிக்க, அவர் 'ஊ' என்பார். அவர் குரல் பாதியில் அறுந்துவிடும், என் ஸ்வரமும்தான். இருவரும் சிரித்துவிடுவோம். ஒருநாள் நானும் கிளாரினெட்டை வைத்துவிட்டு அவரோடு 'ஊ' சொல்லிப் பார்த்தேன். தொண்டையை அப்படியே வைத்துக்கொண்டு வாசித்தேன். முதல்முறையாக ஸ்வரம் எங்கும் தடுக்காமல் ஏறியது. அக்கா கைதட்டினார்.

அடுத்த சில நாள் அவர் மேலே வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். "உனக்குதான் வந்துடுச்சே. எனக்கு இனிமே எங்க வரப்போவுது?" என்றார்.

"நீங்க வராம எனக்கும் வரமாட்டேங்குதுக்கா" என்றேன். உண்மையும் அதுதான்.

மறுபடி வந்தார். ஒரு மாலை லேசாகத் தூறல் போட்டது. கீழே தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த தன் மகளைப் பார்த்து, யோசிக்காமல், "பாப்பா, மழ வருது, உள்ள போ!" என்று கத்தினார். கரகரப்புதான், ஆனாலும் குரல்! சிறுமி காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, நீயா கூப்ட்ட?"

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

இப்போது அவர் பழையபடி வகுப்பெடுக்கிறார். பாட மட்டும் முன்போல் வரவில்லையாம். எனக்கும் கிளிசாண்டோ சில நாள் வரும், சில நாள் கிறீச்சிடும். சரியாக வராத ஒன்றை இன்னொருவர் காதுபட, கூச்சமில்லாமல், வரும்வரை செய்துகொண்டிருக்க முடிந்ததே, அதைத்தான் இந்த ஊர் எனக்குக் கொடுத்த முதல் நட்பாக இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.