குறுக்கே நின்ற கார்

அந்த ரயில் நிலையத்தில் காருக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பிந்தி வருகிறவர்கள் வரிசைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள். அதற்கும் ஒரு நியாயம் உண்டு. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைத் தள்ளி வழி செய்துகொள்வார். யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை எல்லோரும் மதித்தார்கள், கூலிங்கிளாஸ் போட்ட ஒரு மகராசனைத் தவிர.

தினமும் அங்கே காரை விட்டுவிட்டு ரயில் பிடிக்கிறவர்களில் அவளும் ஒருத்தி; ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. போன வருஷம், அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று தம்பி போன் செய்ய, ரயிலிலிருந்து விழுந்தடித்து இறங்கி வந்தாள். அவளுடைய காருக்குக் குறுக்கே கூலிங்கிளாஸின் வெள்ளைக் கார். தோள் கன்றிப்போகும்வரை தள்ளினாள். பிரேக் போட்டிருந்தது, அசையவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கை சில்லிட்டிருந்தது. கடைசிவரை அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் எப்போதும் கடைசியாக வருகிறவன், குறுக்கே மறிக்க வாகாக அகப்படவே இல்லை. ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கும் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வந்தது. ஒரு நாள் அவன் கார் வரிசைக்குள் நின்றது. பக்கத்திலேயே காலி இடம் இருந்தும், அவள் குறுக்கே நிறுத்தி, கியரில் போட்டு, பிரேக்கையும் இழுத்துவிட்டாள். சாயங்காலம் சீக்கிரமே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். செய்த தப்பை அவன் வாயால் ஒப்புக்கொண்டால் போதும், சாவியைப் போட்டு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவன் வந்தான், தள்ளினான், சட்டை நனைந்தது. கொஞ்சம் கை கொடுக்கும்படி அவளையே கூப்பிட்டான். நகராது என்று தெரிந்தே அவளும் சேர்ந்து தள்ளினாள். அவன் மூச்சு வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க அவ்வளவு சுகமாக இருந்தது.

"எவன்னே தெரியலக்கா. கொஞ்சமாவது இங்கிதம் வேணாமா?" என்றான்.

"வண்டி என்னோடதுதான். போன வருஷம் நீங்க இதே மாதிரி பிரேக் போட்டுட்டுப் போனீங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எங்கப்பா போயிட்டாரு."

அவன் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே யோசித்தான்.

"எந்த நாள் சொல்றீங்க? அவசரத்துல நான் அடிக்கடி அப்படித்தான் போயிடுவேன்."

அவள் சாவியைக் கைப்பையில் போட்டு மூடினாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.