பறிக்காத கத்தரிக்காய்

எங்கள் பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஒரு பாத்திக்கு இரண்டு பேர். குப்பத்துப் பெண்ணான எனக்கு டீச்சர் ஜோடி சேர்த்தது ஒரு சொல்தா வீட்டுப் பெண்ணை. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வெள்ளைக்காரர்கள் ஊரை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியும், அந்த வீட்டில் எல்லோரும் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். என் பாவாடையில் மீன் வாடை அடிக்கிறதென்று அவள் பாத்தியின் அந்தக் கோடியில் நின்றே தண்ணீர் ஊற்றுவாள். எனக்கும் ரோஷம் உண்டு. நானும் பேசவில்லை.

மற்றப் பாத்திகள் கொழுத்திருக்க, எங்கள் கத்தரிச் செடிகள் மட்டும் சவலைப் பிள்ளைகளாக நின்றன. மீன் தலையைப் புதைத்தால் செடி பிய்த்துக்கொண்டு வளரும் என்று மாமா யோசனை சொன்னார். கடலைத் தவிர வேறொன்றும் அறியாத மாமா. நானும் ஒரு கூடைத் தலையைக் கொண்டுபோய்ப் புதைத்தேன். மறுநாள் பார்த்தால், தெருப் பூனைகளெல்லாம் விருந்து சாப்பிட்டுப் போயிருந்தன. செடிகள் வேரோடு கிடந்தன. அழுதுவிட்டேன்.

திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"செடிய நீ புடி, நான் குழி தோண்டுறேன்."

பூனைகள் கை கழுவாமல் போய்விட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் கையிலும் மீன் வாடை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இனித்தது. வகுப்பில் வாயே திறக்காத நான், அவள் பக்கத்தில் இருந்தால் வாய்ப்பாட்டைக்கூடத் தப்பில்லாமல் ஒப்பித்தேன். செடிகள் பூவெடுத்த சமயத்தில் அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பினார்கள். "நான் வந்துதான் பறிக்கணும், தொட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காய் காய்த்தது. மற்றப் பிள்ளைகள் தங்கள் காய்களை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் காவல் இருந்தேன். காய்கள் முற்றி மஞ்சளாகியும் ஒருத்தியையும் கை வைக்க விடவில்லை. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே எழுந்து எட்டிப் பார்ப்பேன். இந்த வயதிலும் சந்தையில் கத்தரிக்காயைக் கண்டால் மனசு அவளைத் தேடுகிறது.

அம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் இல்லாமல் ஆகாது. தினமும் கேட்பாள்.

"ஊரே காய் கொண்டாருது, உன் செடி இன்னாடி ஆச்சி?"

ஒரு நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அது பிரான்சுலேர்ந்து வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து பறிப்போம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இழுத்து என் தலைமுடியைக் கோதினாள். அதற்கப்புறம் அவள் கத்தரிக்காயைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறந்துபோய்விட்டாள், பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.