ஒன்பதாவது கண்ணாடி

கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் செருகியதும் அதன் ஓரத்தில் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார் சீவல்காரர். "உள்ள யாருப்பா?" என்பார். அப்புறம்தான் குனிந்து கண்ணை வைப்பார்.

"பதில் வந்தா எனக்கும் சொல்லுங்கண்ணே," என்பார் பக்கத்து மேசை டாக்டரம்மா.

"வந்தா அப்புறம் நான் ஏம்மா இங்க உக்காந்திருக்கேன்?"

குழந்தையில்லாத ஆண்களின் விரையிலிருந்து எடுத்த கடுகளவு சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்ப்பது தொழில். பத்தொன்பது வருடமாக. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் சீவல்காரர்.

அவர் தேடுவது ஒரு புரதத்தை. விந்தணு வடிவெடுத்து முடிக்கும் முன்பே அதன் உட்கரு இறுகிப் பூட்டிக்கொள்ளும். பிறகு புதுக் கட்டளை பிறக்காது. ஆகவே வேண்டியதையெல்லாம் ஆர்என்ஏ சீட்டுகளாக முன்னதாகவே எழுதி வைத்துவிடும். வேளை வரும்வரை அவற்றைப் பிரிக்கவிடாமல் பிடித்திருப்பது அந்தப் புரதம்.

"வாட்ச்மேன் இருந்தா பழுப்பாத் தெரிவான். இல்லேன்னா எல்லாம் உருண்டையா, பாதியில நின்னு நம்மளையே பாத்துட்டிருக்கும்," என்பார். அந்தப் புரதத்துக்கு அவர் வைத்த பெயர் வாட்ச்மேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் குழந்தையில்லாமல், போன மாதம் அவரே சதை எடுக்கப் படுத்தார். தன்னுடையதைத் தானே சீவக் கை வரவில்லை. டாக்டரம்மாதான் சீவி ஒட்டினார். "பேரு வேணாம்மா. மத்ததோட கலந்து நம்பர் போட்ருங்க. எதுன்னு தெரியாமலே நானே பாத்துர்றேன்."

இன்று பன்னிரண்டு கண்ணாடிகள். "எதுவானாலும் போன்ல சொல்லாதீங்க, நேர்ல வாங்க," என்றிருந்தாள் மனைவி, காலையில் செருப்பு மாட்டும்போது.

எட்டு முடிந்தது. தட்டினார், கேட்டார், பார்த்தார், எழுதினார். ஒன்பதாவதை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. அவர் கையால் ஒட்டினால் சீவல் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். இது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, டாக்டரம்மா ஒட்டியது. பெயரை மறைத்த இருவருக்குமே இது தோன்றவில்லை.

தட்டாமல் குனிந்தார். பழுப்பு எங்குமே இல்லை. வட்டம் வட்டமாக உருண்டைகள். ஒன்றுக்கும் வால் முளைக்கவில்லை. அத்தனையும் ஒரே படியில் நின்று, யாரோ கூப்பிடப்போவதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னண்ணே, தட்டக் காணோம்?" என்றார் டாக்டரம்மா, நிமிராமலே.

கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பிலிருந்து கழற்றினார். நகத்தால் மெதுவாக இரண்டு முறை தட்டினார். பிறகு அதைக் காதோரம் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.