அடுத்த காம்பராவில் கேட்ட பாட்டு

பதுளை வீட்டில் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரை மூலையில் வைத்தேன். தும்தும் என்ற அடியில் பாடுகிறவரின் குரலே அமுங்கிப்போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்ததும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடு நினைவுக்கு வந்தது.

அங்கேயும் அப்பா பாட்டுப் பெட்டியை மூலையில்தான் வைத்தார். கூரைத் தகரம் கடகடவென்று ஆட, அவருக்கு ஒரே பெருமை. அம்மா மட்டும் எழுந்து பக்கத்துக் குடும்பம் இருந்த காம்பராவுக்குப் போனார். நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாது. அங்கே செல்வி அக்கா கைக்குழந்தையோடு படுத்திருந்தார்.

அம்மா அங்கிருந்தே கத்தினார்: "பாட்டக் காணோங்க, இடிதான் கேக்குது. மூலையிலருந்து இழுங்க! இன்னுங் கொஞ்சம்!"

பிறகு வந்து, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியை மடித்துப் பெட்டிக்கு அடியில் செருகினார். தகரம் அடங்கியது. மேளம் மேளமாகவும் குரல் குரலாகவும் கேட்டன.

சுவருக்கு அப்பாலிருந்து செல்வி அக்காவின் குரல் வந்தது: "அண்ணே, அதையே இன்னொருக்கா போடுங்க. புள்ள தூங்குது."

இப்போது நானும் ஸ்பீக்கரை முன்னால் இழுத்து, அடியில் தடித்த துணியை மடித்து வைத்தேன். எனக்கு நன்றாகவே கேட்டது. இந்த அறையில் கேட்டதை மட்டும் அம்மா நம்பியிருக்க மாட்டார். பாட்டை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனேன்.