ஐந்து மணிக்கு முந்திய அரைமணி நேரம்

தங்கை கனடாவுக்குத் திரும்பும்போது அங்கிருந்து கொண்டுவந்த தன் சைக்கிளை எனக்கு விட்டுப்போனாள். அகலமான ரயர், வளையாத நேரான கைப்பிடி. தார் வீதியிலும் ஓடும், கிறவல் பாதையிலும் ஓடும். விடுமுறை முழுக்க அவள் அதில் ஊர் சுற்றினாள். நான் அப்பாவோடு வீட்டில் இருந்தேன்.

"அக்கா, பஸ்ஸிலை நெரிபடாமல் இதிலை வேலைக்குப் போ" என்றாள்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு வருடம். பேச்சு இருக்கிறது, இடப்பக்கம் அசையாது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். ஐந்து மணிக்கு அவர் போயாக வேண்டும். தெல்லிப்பழையில் நாலு மணிக்கு அலுவலகம் முடிந்து, பஸ் பிடித்து, சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வர எனக்குச் சரியாக ஐந்தாகும்.

சைக்கிளில் முதல் நாள் நாலரைக்கே வந்துவிட்டேன். "வேளைக்கு வந்திட்டாய் பிள்ளை" என்று அந்த அம்மா உடனே கிளம்பிவிட்டார்.

மறுநாள் நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் இறங்கினேன். அந்த அரைமணி நேரம் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்று வாரம் இப்படியே போனது.

பிறகு ஒருநாள் அந்தப் பாதையில் ரயரில் முள் குத்தியது. உருட்டிக்கொண்டு போய்ச் சைக்கிள் கடையில் காட்டினேன்.

"உந்த வால்வுக்கு எங்கடை பம்ப் பிடிக்காது, அக்கா."

நடந்தேன். ஐந்து மணி தாண்டியதும் தொலைபேசி அடித்தது. அந்த அம்மாதான். எங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டுமே என்று எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. அந்த அம்மா போய்விட்டார். அப்பா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். தண்ணீர்ச் செம்பை எட்டப்போய் விழுந்திருக்கிறார்.

"எங்கை போனனீ?"

"பஸ் பிந்திப்போச்சு, அப்பா."

"நீ சைக்கிளிலையெல்லோ போறனீ."

என்னால் தனியே தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் பஸ்ஸில்தான் போனேன்.

"ஓடாட்டி வித்துப்போடன்" என்றாள் வால்வுக் கதையைக் கேட்ட தங்கை, தொலைபேசியில்.

"நீ வந்து ஒரு மாசம் அப்பாவைப் பார். பிறகு கதை" என்றேன். அப்படி அவளிடம் நான் பேசியதே இல்லை. அவள் அழைப்பைத் துண்டித்தாள். ஆனால் அடுத்த வாரம், சனிக்கிழமைகளில் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை அப்பாவோடு நிற்கச் சொல்லி அந்த அம்மாவோடு அவளே பேசியிருந்தாள். கனடாவிலிருந்து வந்த ஒருவரிடம் இரண்டு ரியூப்பும் ஒரு பம்பும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

முதல் சனிக்கிழமை, "போட்டு வாறன்" என்று அப்பாவிடம் விடைபெற்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காங்கேசன்துறைவரை ஓடினேன். கடலுக்கு முன்னால் நின்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கை தானாகவே தொலைபேசியை எடுத்து நேரம் பார்த்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனாலும் திரும்பி, இரண்டரைக்கே வீட்டில் நின்றேன்.

சோறு ஆறிப்போய் இருந்தது. "மகள் வரட்டும் எண்டு வாயே திறக்கேல்லை" என்றார் அந்த அம்மா. நான் குழைத்து அப்பாவின் வாயில் தீத்தினேன். முழுவதையும் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்பா சாப்பிடாமல் இருந்தார். நான் நாலு மணிக்குத்தான் வந்தேன்.