முனை இருக்கும் பக்கம்

கடைத்தெருவில் சாணைக்கடை அம்மா என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் கிலி. பத்துக்குப் பத்து அறை, நடுவில் மோட்டார் வைத்த சாணைக்கல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கத்திரிகளும் கறிக்கடைக் கத்திகளும். "அந்தம்மாகிட்ட வாய் குடுக்காதீங்க, கைக்கு எட்டின தூரத்துல நாப்பது கத்தி இருக்கு" என்று எதிர்க்கடை சலூன்காரர் தன்னிடம் முடிவெட்ட வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தம்மா எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் போதும், அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். ஐம்பத்திரண்டு வயதாகியும், சாப்பிடும்போது தட்டை விட்டுத் தலை நிமிர மாட்டாள்.

கணவர் இருந்தவரை, தீட்டிய கத்தியைத் துடைத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அவர் மாரடைப்பில் போன பிறகு, வேறு வழியில்லாமல் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் கை படிந்துவிட்டது. தொழிலில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. கல்லில் வைத்த இரும்பு சூடேறி நீலம் பாயக் கூடாது; பாய்ந்தால் பதம் போய்விடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் கூர் நிற்காது. அதனால் இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் பக்கத்து வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பாள். இரண்டாவது, கத்தியைத் திருப்பிக் கொடுக்கும்போது பிடி வாங்குகிறவர் பக்கம், முனை தன் பக்கம். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இதை மாற்றியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணன் வந்தான். அக்குளில் ஒரு பேப்பர் பொட்டலம். பிரிக்கும் முன்பே அதன் நீளத்தைப் பார்த்து, உள்ளே இருப்பது எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பாவோட வேட்டைக்கத்தி. துருப்பிடிச்சுக் கெடக்கு. புதுசு மாதிரி ஆக்கிக் குடு."

"எதுக்குண்ணே இப்போ?"

"எதுக்கா? பரம்பரைப் பொருள். வீட்டுல கத்தி தீட்டறவ ஒருத்தி இருந்தும் இப்படிக் கெடக்கணுமா?"

"சரிங்கண்ணே" என்றாள். சின்ன வயதில் அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அப்பா போன பிறகு, எப்போது என்று தெரியாமலே அது நீங்க, வாங்க ஆகிவிட்டது. அண்ணன் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவன். நாலு மாதத்துக்கு முன் கிடங்கை மூடிவிட்டார்கள். அதிலிருந்து அவன் முகத்தில் அப்பாவின் சாயல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது.

அந்தக் கத்தியை வைத்து நிஜமாகவே வேட்டைக்குப் போனவர் தாத்தாவின் அப்பா. காட்டுப்பன்றியெல்லாம் அடித்தாராம். அப்பா ஆபீஸ் குமாஸ்தா. வாழ்நாளில் ஒரு முயலைக்கூடத் துரத்தியதில்லை. அவர் வேட்டையெல்லாம் வீட்டுக்குள்ளேதான். சாப்பிட உட்காரும்போது உறையிலிருந்து கத்தியை எடுத்து மேசை நடுவில் வைப்பார். அன்றைக்கு யார் மேல் கோபமோ, முனை அவர்கள் பக்கம். ஒரு வார்த்தை திட்ட மாட்டார், ஒரு அடி அடிக்க மாட்டார். அதனால் அக்கம்பக்கத்தில் அவருக்குத் தங்கமான மனிதர் என்று பெயர். முனை பெரும்பாலும் அம்மா பக்கம்தான் இருக்கும். அம்மா அதைப் பார்த்தபடியே சோற்றை விழுங்குவாள்.

அண்ணன் ஒன்பது வயதில் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் குடையைத் தொலைத்துவிட்டு வந்தான். பதினோரு நாள் முனை அவன் பக்கம் இருந்தது. பதினோராம் நாள் அவன் நாற்காலியிலேயே மூத்திரம் போய்விட்டான். மேசைக்கடியில் சொட்டுவதை ஆறு வயதுத் தங்கை பார்த்தாள். பார்த்தவள் என்ன நினைத்தாளோ, தன் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். மேசையெல்லாம் தண்ணீர், தரையெல்லாம் தண்ணீர், எது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் முனை அவள் பக்கம் திரும்பியது.

அதைப் பற்றி அண்ணனும் தங்கையும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

கத்தியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். தொடவே கூசியது. ஆனால் தொழில் பழகிய கை மனசைக் கேட்டுக்கொண்டா இருக்கும்? இரண்டு நாளில் துரு செதில் செதிலாகக் கழன்றது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க உள்ளே நல்ல இரும்பு எட்டிப் பார்த்தது. இற்றுப்போன கொம்புப் பிடியை ரிவிட்டை வெட்டிக் கழற்றி, புது மரத்தில் பிடி இழைக்க ஆரம்பித்தாள். அடடா, என்ன அலகு என்று தன்னையறியாமல் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொன்னதற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் மதியம் அண்ணி வந்தாள். உள்ளே நுழைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். நல்ல வாட்டசாட்டமான பெண்மணி. நாலே மாதத்தில் ரவிக்கைத் தோள் தொளதொளத்துக் கிடந்தது.

"அவர் கத்தி குடுத்தாரா?"

"குடுத்தாரு. என்னாச்சு அண்ணி?"

அண்ணி சுவரில் தொங்கிய கத்திரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு மாசமா சாப்பாட்டு மேசையில வெக்கிறாரு. முனை என் பக்கம்."

அவள் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "அடிக்கிறாரா?"

"இல்ல. வெக்கிறாரு, அவ்வளவுதான். ஏன்னு கேட்டா, உன்ன என்ன செஞ்சேன்னு திருப்பிக் கேக்கறாரு. துருப்பிடிச்சதுக்கே எனக்குச் சோறு எறங்கல. நீ அதப் பளபளன்னு ஆக்கிக் குடுத்துடாதம்மா."

"தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடட்டுமா?"

"நான் வந்து சொல்லிக்குடுத்தேன்னு அடுத்த நிமிஷம் கண்டுபிடிச்சிடுவாரு."

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க அண்ணி."

"வந்தா? அங்க வர அவருக்கு வழி தெரியாதா?" அண்ணி எழுந்துகொண்டாள். "சோறு வடிக்கணும். நேரமானா கேப்பாரு." குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்யப் பார்த்தாள். பெரிய கல்லை ஓடவிட்டு, கத்தியின் வாயை அதில் அழுத்திப் பிடித்தாள். நீலம் பாயட்டும், பதம் போகட்டும், ஒரு வெங்காயம்கூட நறுக்க லாயக்கில்லாமல் போகட்டும். பொறி பறந்தது. விளிம்பு நீலத்துக்கு முந்தைய வைக்கோல் நிறத்துக்கு மாறும் முன்பே அவள் கை தானாக வாளிக்குப் போய்க் கத்தியைத் தண்ணீரில் முக்கியது. மறுபடி முயன்றாள், மறுபடி கை வாளிக்குப் போனது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. வெட்டவா அது மேசைக்கு வருகிறது? மொட்டைக் கத்தியானாலும் முனை முனைதானே. அவளுக்கு அழுகை வந்தது.

நல்ல வேலையை அரைகுறையாக விடவும் தெரியாமல், முடித்துக் கொடுக்கவும் துணிச்சல் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டினாள். அண்ணன் போன் செய்தபோதெல்லாம் பிடியில் போட்ட பசை காயவில்லை என்றாள். ஒரு தையல்காரரின் கத்திரியை இரண்டு முறை தீட்டிவிட்டு மூன்றாம் முறையும் கையில் எடுத்தாள். "ஏம்மா, என் கத்திரிய ஊசியாக்கப் போறீங்களா?" என்று அவர் கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

கடைசியாக அண்ணன் சொன்னான். "நாளைக்குக் காலையில வரேன். காஞ்சிருக்கணும்."

மறுநாள் அவள் சீக்கிரமே கடையைத் திறந்தாள். வேலை மேசையை மூன்று தடவை துடைத்தாள். என்ன செய்வதென்று ஒரு யோசனையும் இல்லை. கொடுத்துவிடலாம், வேறென்ன, அவன் கத்தி, அவன் வீடு என்று மனசு சொன்னது. அப்படி நினைத்ததும் அம்மா சோற்றை விழுங்கும் சத்தம் காதில் கேட்டது.

அண்ணன் வந்து மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். "காட்டு."

எடுத்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. வழக்கப்படி அலகைத் துணியோடு பிடித்து, பிடியை அவன் பக்கம் நீட்டப் போனாள். முனை அவள் வயிற்றைப் பார்த்து இருந்தது. அவன் கை நீண்டது. அந்த ஒரு கணத்தில், இதை இவன் கையில் கொடுத்தால் அடுத்து அண்ணி தட்டுக்கு எதிரேதான் இறங்கும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கத்தியைத் திருப்பினாள். மேசை நடுவில் வைத்தாள். பிடி அவள் பக்கம், முனை அண்ணன் பக்கம்.

"என்னது இது?"

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்பா மாதிரியே பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"விளையாடறியா? திருப்பி வை."

வைக்கவில்லை. அவன் எட்டி எடுத்திருக்கலாம், ஒரு முழ தூரம்தான். எடுத்தால் தன்னை என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து ஓடினால் கதவுக்குப் போக அவனைத் தாண்ட வேண்டும். ஆனால் அவன் எட்டவில்லை. முனையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஸ்டூலைப் பின்னால் இழுத்தான். முழங்கால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. மேசைக்கடியில் பார்த்த அந்த முழங்கால்களை அவளுக்குத் தெரியும்.

"திருப்பி வைம்மா" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"அண்ணியால, திருப்பி வைங்கன்னுகூடச் சொல்ல முடியலண்ணே" என்றாள் அவள். பேச்சு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நாலு மாசமா நீ உக்காந்திருக்கறது அப்பா இடத்துல. மறந்துட்டியா, நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்தவன்னு?"

எதிர்க்கடையில் சலூன்காரர் யாரிடமோ கிண்டல் பேசிச் சிரிப்பது கேட்டது. அண்ணன் தரையைப் பார்த்தான். சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் வாளித் தண்ணீர் தளும்பிச் சிந்தியிருந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்தான்.

"அன்னிக்கு நீ டம்ளரத் தட்டிவிட்டே."

"ஆமா."

"வேணும்னே தட்டிவிட்டே. எனக்குத் தெரியும்."

அவன் எழுந்தான். கை ஒருமுறை மேசைப் பக்கம் வந்து, பாதியிலேயே சட்டைப் பையைத் தடவிக்கொண்டு திரும்பியது. போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தெருவில் இறங்கி, வீடு இருக்கும் திசையில் நடந்தான்.

அந்தத் திசைதான் அவளை உலுக்கியது. கத்தி இங்கே இருக்கிறது சரி, கோபம் அவனோடு அல்லவா போகிறது? மூட்டி விட்டுவிட்டோமோ என்று பதறி அண்ணிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தாள். கத்தியை அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். ஒரு மணியாயிற்று, ஒன்றரையாயிற்று. அங்கே சாப்பாட்டு வேளை. ஷட்டரை இறக்கிவிட்டு ஓடலாம் என்று சாவியை எடுத்தபோது போன் அடித்தது.

"அண்ணி, ஏதாவது பண்ணினாரா?"

"இல்ல. சமையல்கட்டுலேர்ந்து பேசறேன்." அண்ணி மிகவும் மெதுவாகப் பேசினாள். "வந்தாரு. சாப்பிட உக்காந்தாரு. மேசையில ஒண்ணும் வெக்கல."

"அப்புறம்?"

"எனக்கு எதிர நாற்காலி போடல. என் பக்கத்துல வந்து உக்காந்துட்டாரு. ரெண்டு பேரும் காலி மேசையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். எனக்குப் பயமா இருக்கு. அவருக்கும்தான்னு நெனக்கிறேன். தண்ணி டம்ளரக் கீழ போட்டுட்டாரு."