பந்தெலிஸ் வாங்கிய மூன்று பெட்டிகள்

மூன்றாவது முறையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தெலிஸ் கடைக்குள் நுழைந்தபோது லெமோனியா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இதுவும் வேலை செய்யலையா, மாமா?"

"செய்யுது, செய்யல. அதான் கேக்க வந்தேன்."

லெமோனியா கிரேக்கத்தின் கவாலா துறைமுகத்துக்குப் பின்தெருவில் விளக்குக் கடை வைத்திருப்பவள். பெட்டியை வாங்கி மேசையில் மாட்டினாள். மேலே நீலப்பொட்டு மின்னியது. ஆள் அசைந்தால் அறியும் உணரியின் முன்னால் கையை ஆட்டினாள். அலமாரியில் இருந்த பல்பு எரிந்தது. "கல்லு மாதிரி இருக்கு. உங்க வீட்லதான் ஏதோ இருக்கு" என்றாள். தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பந்தெலிஸுக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடம் தாஸோஸ் தீவுக்குப் போகும் படகில் கயிறு கட்டியவர் அவர். கயிறு கட்டினால் நிற்கும், அவிழ்த்தால் போகும். இதில் எதுவும் அப்படி இல்லை.

ஹப் என்கிற இந்தப் பெட்டி என்ன என்பதே அவருக்கு முதலில் பிடிபடவில்லை. விளக்கும் இல்லை, சுவிட்சும் இல்லை, ஆனால் அது இல்லாமல் விளக்கு எரியாதாம். ஒரு பெட்டி இணையம் வழியாகப் பேசும் என்றாள் லெமோனியா. இன்னொன்று இணையம் இல்லாமலே உணரியோடும் பல்போடும் தனியாகப் பேசும். ஆனால் இந்தக் கம்பெனி பல்பு அந்தக் கம்பெனி பெட்டியோடு பேசாது. "ஒரே தெருவில குடியிருந்துகிட்டு ஏன் பேசாது? பாகப்பிரிவினைத் தகராறா?" என்று கேட்டார் பந்தெலிஸ். எல்லாரோடும் பேசும் பெட்டியும் உண்டு, அதற்கு விலை இரண்டு மடங்கு என்றாள் அவள். காப்பிக்கடையில் விசாரித்தபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கே வீட்டில் ஹப் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவு பாடும் அர்கிரோவுக்காக. அவர் மனைவிக்கு மாலைக்கண். ஆண்டுக்கு ஆண்டு முற்றிக்கொண்டே வந்தது. அவர்கள் குடியிருப்பில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நீளமான நடை. ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் இருட்டு. சுவிட்சோ வாசல் பக்கம். விளக்கை எரியவிட்டு வைக்கப் பந்தெலிஸ் விடமாட்டார். காப்பிக்கடைக்குக் கிளம்பும்போது வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத்தான் போவார். ஏப்ரலில் ஒரு மாலை அர்கிரோ அந்த நடையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அப்போது பந்தெலிஸ் சீட்டாட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

மகள் மிர்தோ ஜெர்மனியிலிருந்து போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஆள் நடந்தா தானா எரியற விளக்கு போடுங்க. அம்மா நடமாடுறது என் போன்லயும் தெரியணும். ஜூன் கடைசில வர்றேன். அதுக்குள்ள ஆகலைன்னா அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க சீட்டாடிட்டு இருங்க." கடைசி வாக்கியம் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மாட்டித் தந்தவர் கோஸ்மாஸ். மிர்தோவுக்கு ஞானஸ்நானம் செய்வித்த கும்பாரோஸ், அதாவது உறவுக்கும் மேலே. ஊரில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்தவர். "கும்பாரே, கண்ணுக்குத் தெரியாம வைக்கிறேன் பாரு" என்று வாசலருகே மின்பலகைக்கு மேலேயே பெட்டியைப் பொருத்தி, கிடைத்த இணைப்பில் கோத்துவிட்டார். சுவரில் இருந்த விளக்கு சுவிட்சின் மேல் டேப் ஒட்டினார். "உன் கையச் சும்மா வச்சுக்கோ. இத அணைச்சா பல்பு செத்துடும்." பந்தெலிஸ் கோவில் வாசலில் நிற்பவர்போல் தலையாட்டினார். டேப்பை ஒருநாளும் தொடவில்லை.

முதல் நாள் மாலை அர்கிரோ நடையில் கால் வைத்ததும் விளக்கு எரிந்தது. கோஸ்மாஸ் கைதட்டினார். மறுநாள் எரியவில்லை. மிர்தோவின் போனில் வீடே காணாமல் போயிருந்தது. சனிக்கிழமை எரிந்தது, ஞாயிறு இல்லை. இணையம்தான் கோளாறு என்று இணையம் வேண்டாத பெட்டி வாங்கினார். அதற்கும் இதே கதி. எல்லாரோடும் பேசும் பெட்டி வாங்கினார். அது யாரோடும் பேசவில்லை. விளக்கை நம்ப முடியாததால் மூன்று வாரமாக மாலை ஆறு மணிக்கு அவர் காப்பிக்கடைக்குப் போகவில்லை. அர்கிரோ எழுந்தால் கூடவே எழுந்து, கையைப் பிடித்து நடையைக் கடத்திவிட்டார்.

லெமோனியா கடையிலிருந்து பெட்டியோடு திரும்பியவர் அதை மறுபடி மாட்டிவிட்டுக் குறிப்புத்தாளை விரித்தார். பதினான்கு மொழியில் இருந்தது. கிரேக்க மொழியில் படித்தும் விளங்கவில்லை. நாளை மறுநாள் மிர்தோ வருகிறாள். இன்று ஏழு மணிக்குப் போன் செய்து கேட்பாள்.

"மூணு பெட்டி, அர்கிரோ. மூணும் எப்படிக் கெட்டுப்போகும்? என்னால முடியல. அவ உன்னக் கூட்டிட்டுப் போயிடுவா." குரல் உடைந்தது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

அர்கிரோ பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினாள். "எழுந்து போய் ஹீட்டரப் போடு."

"நான் வெந்நீர் கேட்டேனா இப்போ?"

"போடுய்யா."

மின்பலகையில் ஹீட்டர் சுவிட்சைத் தூக்கினார். டக் என்றது. மேலே பெட்டியில் நீலப்பொட்டு மின்னத் தொடங்கியது. அவர் நடையில் நகர்ந்தார், விளக்கு எரிந்தது. சுவிட்சை இறக்கினார். நீலப்பொட்டு செத்தது. மறுபடி தூக்கினார். அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போடுவது, குளித்ததும் அணைப்பது: கல்யாணமான நாளிலிருந்து அவர் கை தானாகச் செய்த வேலை. கோஸ்மாஸ் கோத்தது ஹீட்டர் இணைப்பில். கோஸ்மாஸ் வீட்டிலும் குளித்ததும் அணைப்பார்கள். ஆனாலும் அந்த மனிதனுக்கு அது தோன்றவில்லை.

"நாசமாப்போன கோஸ்மாஸ்! உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கண்ணுதான் மங்கல், காது இல்ல. நீ டக்குனு போட்டா விளக்கு வருது, டக்குனு அணைச்சா போகுது. ரெண்டாவது வாரமே தெரியும்."

"ரெண்டாவது வாரமேவா! ஏன்டி சொல்லல? நான் கடை கடையா அசிங்கப்பட்டுட்டு இருக்கேன்!"

அர்கிரோ கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னா அன்னிக்கே ஆறு மணிக்கு நீ சீட்டாடப் போயிருப்ப. நாப்பத்தோரு வருஷத்துல இந்த நடையில என் கையப் பிடிச்சு நடந்தது இந்த மூணு வாரந்தான். மிர்தோ வர்றதுக்குள்ள சொல்லிடலாம்னுதான் இருந்தேன்." சற்று நிறுத்தி, "இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சே" என்றாள்.

பந்தெலிஸுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"என்னப்பா, வீடு என் போன்ல தெரியுதே! சரியாயிடுச்சா?"

"ஆச்சு. ஒயரு மாத்திக் கோக்கணும், நாளைக்குக் கோஸ்மாஸ் வருவான்."

"அப்போ இனி அம்மா தனியா சமாளிச்சுப்பாங்க, இல்ல?"

பந்தெலிஸ் சமையலறைப் பக்கம் பார்த்தார். அர்கிரோ தலையைத் தூக்காமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தனியா எதுக்கும்மா சமாளிக்கணும்?" என்றார். "நான் வீட்லதானே இருக்கேன்."